பூசைக்குப் போகாத பதிவேடு

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, வெள்ளவத்தை விவேகா சர்வதேசக் கல்லூரியின் அதிபர் தில்லைநாதன் தன்னிடம் மறைக்க ஒன்றுமே இல்லை என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். முதல் தடவையிலேயே சூசைதாசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறைக்க ஒன்றுமில்லாத மனிதர் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

“ஏசி பழுதா சேர்? எனக்குத் தெரிஞ்ச பாஸ் ஒருத்தர் இருக்கார், நல்லாத் திருத்துவார்” என்றான் அக்கறையாக.

“சூசை, வாயைக் கொஞ்சம் மூடு” என்றார் அருந்ததி.

அருந்ததி இருபத்திரண்டு வருடம் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கேடுகளைக் காத்தவர். பொய்ச் சத்தியக் கடதாசிகளை வாசித்து வாசித்தே கண்ணாடி போட்டவர். ஓய்வு பெற்றதும் அதே புதுக்கடையில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், தனியார் துப்பறியும் அலுவலகம் திறந்தார். சூசைதாசன் கொட்டாஞ்சேனைக்காரன். அந்த அலுவலகத்தின் ஒரே உதவியாளன், ஒரே ஓட்டோ சாரதி, யாரும் கேட்காமலேயே கருத்துச் சொல்லும் ஒரே ஆலோசகன்.

விஷயம் இதுதான். விவேகாவில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூட வகுப்பிலேயே இருந்துகொண்டு, ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதலாம் வருடப் புள்ளிவிபரவியலையும் படித்து முடிக்கலாம். அங்கே போய்ச் சேரும்போது அந்தப் பாடம் ஏற்கெனவே அவர்கள் கணக்கில் இருக்கும். பத்து வருடமாக இப்படிப் பள்ளிக்கூடங்கள் பல்கலைக்கழகமாகிக்கொண்டிருந்ததை அரசாங்கம் கவனிக்கவே இல்லை. பிறகு ஒருநாள் திடுக்கிட்டு விழித்து, ‘பாடசாலைகளில் நடத்தப்படும் பல்கலைக்கழகப் பாடநெறிகளை ஒழுங்குபடுத்தும் பிரிவு’ என்று ஒன்றை ஆரம்பித்தது. பெயர் ஒரு பலகையில் அடங்காததால் பாதியை முதலாம் மாடியிலும் மீதியை இரண்டாம் மாடியிலும் மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பிரிவுக்கு யாரோ ஒருவர் முறைப்பாடு எழுதினார். பிரிவு நாலு மாதம் யோசித்துவிட்டு, இந்த வருடம் மார்ச்சில் பாட வகுப்பின் பதிவேட்டைக் கேட்டது. பதிவேட்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் விரிவுரையாளர் டொக்டர் தனஞ்சயனின் கையொப்பம் இருந்தது. டொக்டர் தனஞ்சயனோ போன வருடம் முழுக்க மெல்பேர்னில் இருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர் கால் படவில்லை என்று குடிவரவுத் திணைக்களமே எழுதிக் கொடுத்தது. போதாக்குறைக்கு அவர் பல் வைத்தியர். பாடத்தைப் பதிவுசெய்த நாளில் இந்தச் சின்ன விஷயம் பிரிவின் கண்ணில் படவில்லை. உடனே பிரிவு தன் வீரத்தைக் காட்டியது. பாடநெறி ரத்து, நாற்பத்தொரு பிள்ளைகளின் பெறுபேறும் ரத்து.

அந்த நாற்பத்தொன்றில் ஒருத்தி ஆரணி. அவளுக்கு அவுஸ்திரேலியாவில் முழுப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. புள்ளிவிபரவியல் பெறுபேறு செல்லும் என்று திங்கட்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பிரிவில் மேன்முறையீடு செய்ய இன்று பின்னேரம் நாலு மணிதான் கடைசி. அவளுடைய தாய் சுபோதினிதான் அருந்ததியைப் பிடித்தவள். “டொக்டர் சூமில படிப்பிச்சவர். அதை மட்டும் நிரூபிச்சுத் தாங்கோ, காணும்” என்று சொல்லியிருந்தாள்.

“ரெஜிஸ்டரைக் காட்டுங்கோ” என்றார் அருந்ததி.

தில்லைநாதன் நீட்டினார். நீல மட்டை போட்ட பெரிய கொப்பி. அருந்ததி அதைத் திறக்கவே இல்லை. மட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, அதிபருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்து, போன வருடப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் அடுக்கினார். ஆய்வுகூடப் பதிவேடு. விளையாட்டுச் சாமான் பதிவேடு. வருகை தருவோர் புத்தகம். பள்ளி வானின் ஓட்டப் புத்தகம்.

“அக்கா, வானில போற ஐடியாவா?” என்றான் சூசைதாசன்.

“மட்டையைப் பார் சூசை.”

பார்த்தான். எல்லாப் புத்தகங்களின் வலது மேல் மூலையிலும் காய்ந்த சந்தனம் ஒரு பொட்டு, அதன் நடுவில் மங்கிய குங்குமம். வான் புத்தகத்தில்கூட இருந்தது. புள்ளிவிபரவியல் பதிவேட்டில் மட்டும் இல்லை.

“உங்கட பள்ளிக்கூடத்தில வாணி விழா பெரிசாச் செய்யிறனீங்கள், என்ன சேர்?”

“ஏன் செய்யாமல்? இண்டர்நாஷனல் எண்டா என்ன, எங்கட சமயத்தை விடேலுமே?” தில்லைநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பள்ளிக்கூடத்தில இருக்கிற ஒரு கொப்பி விடாமல் சரஸ்வதிக்கு முன்னால வைப்பம். ஒரு நாள் முழுக்க ஒருத்தரும் தொடமாட்டினம். விஜயதசமிக்குத்தான் எடுக்கிறது.”

“வலு சந்தோசம். அப்ப போன ஒக்டோபர் பூசைக்கு இந்த ரெஜிஸ்டர் மட்டும் ஏன் போகேல்லை?”

நிமிர்ந்தவர் மறுபடி கதிரையில் சரிந்தார். அருந்ததி இப்போதுதான் பதிவேட்டைத் திறந்தார். வேண்டிய பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

“பூசை நடந்த நாளிலையும் டொக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மெல்பேர்னில இருந்துகொண்டு, வெள்ளவத்தையில, சரஸ்வதிக்கு முன்னால கட்டிவைச்சிருந்த கொப்பியில.”

“டொக்டர் எண்டாச் சும்மாவா அக்கா?” என்றான் சூசைதாசன். “ஆனா பாவம் சேர், இந்த வருசம் மார்ச்சில ஒரே இருப்பில இருந்து எழுதின ஆளுக்குப் பூசை ஞாபகம் எப்பிடி வரும்? கையே நொந்திருக்கும்.”

தில்லைநாதன் தன் வலது கையைப் பார்த்துவிட்டு மேசைக்குக் கீழே கொண்டுபோனார். உண்மையான பதிவேடு எங்கே என்று அருந்ததி கேட்டார். பழசு, கறையான் பிடித்தது, எறிந்தாயிற்று என்றார். போன வருடக் கொப்பியைத் தின்ற கறையான் பக்கத்தில் இருந்த வான் புத்தகத்தைத் தொடாதது ஏன் என்று கேட்டபோது அவர் ஏசியைப் பதினாறுக்கு இறக்கினார். யார் படிப்பித்தது என்று கேட்டபோது பதிவேடுகளை அலுமாரிக்குள் திருப்பி அடுக்கத் தொடங்கினார்.

“சேர், உங்களில நான் வழக்கு வைக்க வரேல்லை” என்று அருந்ததி கதவடியில் நின்று சொன்னார். “ஆனா நாற்பத்தொரு பிள்ளையளின்ர படிப்பு. வெக்கமா இல்லையோ?”

வெக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. வியர்வைதான் இருந்தது.

ராமகிருஷ்ண வீதியில் ஐந்தாம் மாடி வீடு. சுபோதினி வந்தவர்களுக்குக் கோப்பி தந்தாள், கூடவே டொக்டர் தனஞ்சயனின் பெருமையும் தந்தாள். விளம்பரத் துண்டில் அவர் கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பற்கள் நன்றாக இருந்தன.

“அப்பிடி ஒரு ஆளை வைச்சுப் படிப்பிக்கினம் எண்டுதானே பிள்ளையை அங்க விட்டனாங்கள்.”

“ஆரணி, உம்முடைய புள்ளிவிபரவியல் கொப்பியைக் கொண்டு வாரும்” என்றார் அருந்ததி.

பெண் கொப்பியைக் கொண்டுவந்தாள். தாயின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அருந்ததி பக்கங்களைப் புரட்டினார். சூசைதாசன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஓ.எல். பரீட்சையோடு கணித உறவை முறித்துக்கொண்டவன் அவன். இருந்தாலும் கடைசிப் பக்கம் தமிழில் இருந்ததால் வாசிக்க முடிந்தது. அது ஆரணியின் எழுத்தல்ல. சிவப்பு மையில், மணிமணியான இன்னொரு கை எழுதியிருந்தது.

‘ஜீவராணி தினமும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுகிறார். மழை பெய்த நாளிலும் இரண்டு, வெயில் எரித்த நாளிலும் இரண்டு. முப்பது நாள் நிறைகள் கீழே. வெட்டியது ஈரத்துக்குத்தானா என்று சோதித்துக் காட்டுக.’

அருந்ததி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சந்தோசம் வந்தால் செய்யும் வேலை அது.

“நல்ல கணக்கு. சூசை, மெல்பேர்னில இருக்கிற பல் டொக்டருக்குக் கணக்கப்பிள்ளை வெட்டுற ரெண்டு கிலோ எப்பிடித் தெரியும்?”

“அவருக்குப் பல்லுப் பிடுங்கத்தான் தெரியும். இது தோட்டத்தில பிறந்த ஆள் எழுதினது.”

“சூமில படிப்பிக்கேக்க அவர் கூகிளில பாத்திருப்பார்” என்றாள் சுபோதினி அவசரமாக.

“சிவப்புப் பேனையும் சூமில வந்ததோ?” என்றார் அருந்ததி.

அதற்குமேல் அங்கே கோப்பி மட்டும்தான் இருந்தது. விடைபெற்று லிஃப்டுக்குப் போனார்கள். கதவு மூடும் நேரம் ஆரணி செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

“நாகமணி மிஸ்தான் படிப்பிச்சவ” என்றாள் மூச்சு வாங்க. “லைப்ரரியில வேலை செய்தவ. அம்மா ஆருக்கும் சொல்லக் கூடாது எண்டு சொல்லிப்போட்டா. மிஸ்ஸை மார்ச்சில நிப்பாட்டிப்போட்டினம். இப்ப கொட்டாஞ்சேனையில ஒரு போட்டோகொப்பிக் கடையில நிக்கிறா. அன்ரி, மிஸ் நல்லாப் படிப்பிச்சவ. சத்தியமா.”

கொட்டாஞ்சேனை சூசைதாசனின் சொந்த மண். போட்டோகொப்பிக் கடைகள் அங்கே மொத்தம் பதினொன்று என்றும், அதில் ஒன்பதுக்கு ஆளே போவதில்லை என்றும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டாவது கடையிலேயே ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஜம்பட்டா வீதியில் ஆமிர் நானாவின் கடை. மெலிந்த, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழை இயந்திரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அருந்ததி விஷயத்தைச் சொன்னார். நாகமணி கேட்டுக்கொண்டே பிரதிகளை எடுத்து முடித்தாள்.

“நான் பேராதெனியாவுல புள்ளிவிபரவியல் முதுமாணி முடிச்சேங்க” என்றாள். “விவேகாவுல விரிவுரையாளர் வேலைக்குத்தான் போனேன். ஊர் எதுன்னு கேட்டாங்க. அட்டன் பக்கம், தோட்டம்னு சொன்னேன். ‘லைப்ரரியில இருங்க பிள்ளை, டொக்டர் வர்ற வரைக்கும் வகுப்பையும் பாத்துக்குங்க’ன்னாரு அதிபர். டொக்டர் வரவே இல்ல. எனக்கு லைப்ரரிச் சம்பளந்தான்.”

“ஏன் பேசாம இருந்தீங்க மிஸ்?” என்று கேட்டான் சூசைதாசன்.

“பிள்ளைங்க படிச்சாங்களே.”

சூசைதாசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கே தெரிந்த பல் வைத்தியரை விரிவுரையாளர் என்று பதிவுசெய்யத் தெரிந்தவர்களுக்கு, பட்டம் பெற்ற ஒருத்தியை வகுப்பறையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளை படிப்பிக்கிறாள் என்று விளம்பரத் துண்டில் போட்டால் வெள்ளவத்தைப் பெற்றோர் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்காக ஒரு பொய்ப் பதிவேடே எழுதியிருக்கிறார்கள்.

“உண்மையான ரெஜிஸ்டர் எங்க இருக்குத் தங்கச்சி?” என்றார் அருந்ததி.

நாகமணி வாசலை ஒருதரம் பார்த்தாள். பிறகு லாச்சியைத் திறந்து, சேலைத் துணியில் சுற்றியிருந்த கொப்பி ஒன்றை எடுத்தாள். வலது மூலையில் சந்தனம், குங்குமம்.

“வேலையை விட்டு நிப்பாட்டின அன்னிக்கி இதைக் குப்பையில போடச் சொன்னாங்க. சரஸ்வதிக்கு முன்னால வச்ச புத்தகத்தை எப்பிடிங்க குப்பையில போடுறது? வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.”

அருந்ததி புரட்டினார். பெப்ரவரி தொடக்கம் நவம்பர் வரை ஐம்பத்திரண்டு வகுப்பு. ஒவ்வொன்றிலும் பாடத் தலைப்பு, வந்த பிள்ளைகள், அன்றைய திகதியோடு நாகமணியின் கையொப்பம். பூசை நாளுக்கு நேரே வெறுமை.

“சூசை, சட்டத்தை எடு.”

பிரிவின் முப்பத்தேழு பக்க ஒழுங்குவிதிப் புத்தகத்தை உலகத்தில் முழுக்க வாசித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அச்சுக்கோத்தவர், மற்றவர் அருந்ததி. பதினாலாம் விதியைச் சூசைதாசன் சத்தமாக வாசித்தான். பதிவுசெய்த விரிவுரையாளர் வர முடியாதபோது, அதே பாடத்தில் முதுமாணிப் பட்டமுள்ள ஒருவர் பதிலுக்குக் கற்பிக்கலாம். வகுப்பு நடந்த அன்றே அவர் ஒப்பமிட்டிருந்தால் போதும். மேன்முறையீட்டில் அவர் நேரில் வந்து உறுதிப்படுத்த வேண்டும்.

“அப்ப உண்மையைச் சொல்லியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லையா?” சூசைதாசனால் நம்ப முடியவில்லை. “முழுச் சட்டபூர்வமான விஷயத்தை மறைக்கிறதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுச் சட்டத்தை மீறியிருக்கிறாங்களே!”

“பிரிவுக்கு எழுதினது ஆர் எண்டு ஏதும் தெரியுமோ?” என்று அருந்ததி கேட்டார்.

நாகமணி அதே லாச்சியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். வேலையை நிறுத்திய அன்று அதிபர் காரணம் காட்டுவதற்காகக் கையில் திணித்த முறைப்பாட்டுப் பிரதி. எழுதியவரின் பெயர்மேல் பிரிவு கறுப்பு மை பூசியிருந்தது.

‘எங்கள் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகப் பாடம் நடத்துவது லைப்ரரியில் நிற்கும் ஒரு தோட்டத்துப் பெட்டை. வெயில் நாளிலும் கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ வெட்டுகிறார் என்று கணக்குக் கொடுத்து மனதைக் கெடுக்கிறாள். உடனே மாற்ற வேண்டும்.’

சூசைதாசன் இரண்டாவது தடவை வாசித்தான். பிறகு அருந்ததியைப் பார்த்தான்.

“அந்தக் கணக்கை எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள்?” அருந்ததியின் குரல் தணிந்திருந்தது.

“ஆரணிக்கு மட்டுந்தாங்க. கெட்டிக்காரப் பிள்ளை, வகுப்பு முடிஞ்சும் கூடக் கணக்குக் கேப்பா. அவ கொப்பியில நானே எழுதிக் குடுத்தேன்.” நாகமணி தாளை வாங்கி மடித்தாள். “அந்தக் கொப்பியைப் பாத்தவங்கதான் இதை எழுதியிருக்கணும். நான் அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டேன். படிப்பிக்கிறதே அதுதானுங்களே. ஆரணிக்கிட்ட சொல்லிறாதீங்க, அது பாவம்.”

“இதுக்குப் பிறகும் வருவீங்களா?” என்றான் சூசைதாசன்.

“நாப்பத்தொரு பேர் படிச்சது பொய்யின்னு அரசாங்கம் எழுதியிருக்குங்க. அதை அழிக்கணும்ல.” அவள் உள்ளே திரும்பி, “நானா, அரை நாள் லீவு” என்றாள்.

பத்தரமுல்லையில் பிரிவின் படிக்கட்டில் சுபோதினி மகளோடு காத்திருந்தாள். மூன்றேகால். ஓட்டோவிலிருந்து நாகமணி இறங்கியதைக் கண்டதும் தாயின் முகம் வாடிவிட்டது. அருந்ததி அவளை மட்டும் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார்.

“பேர் வெளியில வராது எண்டு சொன்னவை” என்றாள் சுபோதினி, கேட்பதற்கு முன்னமே.

“பேரைத்தான் மறைச்சவை. கணக்கை மறைக்கேல்லை.”

“அந்தப் பிள்ளையை மட்டும் மாத்துவினம் எண்டு நினைச்சன். பாடத்தையே தூக்குவினம் எண்டு ஆர் கண்டது?”

“இனி அவ கையெழுத்துப் போட்டால்தான் உங்கட பிள்ளை பிளேன் ஏறலாம். அதை மனசில வைச்சுக்கொண்டு உள்ள வாங்கோ.”

முதலாம் மாடியில் அரை மணி நேரம் நின்ற பிறகு, அது இரண்டாம் மாடி வேலை என்று தெரியவந்தது. இரண்டாம் மாடி அதிகாரி அம்மா பதிவேட்டைப் புரட்டினார், பட்டச் சான்றிதழைப் பார்த்தார், நாகமணியை ஏற இறங்கப் பார்த்தார், பதினாலாம் விதி தங்களுடைய புத்தகத்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்தார். இருந்தது. முகத்தில் லேசான ஏமாற்றம். நாகமணி காட்டிய இடத்தில் ஒப்பமிட்டாள்.

“மாணவி இதில சைன் பண்ணுங்க” என்று கோப்பைத் தள்ளினார் அதிகாரி.

ஆரணி பேனையை எடுத்தாள். கோப்பின் மேல்தாள் முறைப்பாட்டின் பிரதி. அருந்ததி கையை நீட்டுவதற்குள் பெண் அதை வாசித்துவிட்டாள். மூன்றே வரிதானே. கணக்கில் கெட்டிக்காரி என்று நாகமணி சொன்னது பொய்யில்லை. அவள் கறுப்பு மையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பிறகு தன் இடத்தில் ஒப்பமிட்டாள். சூசைதாசனுக்கு அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

“இது பெற்றோர் கைப்பட எழுத வேண்டியது. இக்மன் கரண்ட நோனா, ஹத்தறட்ட வஹனவா” என்றார் அதிகாரி, பாதி சிங்களத்தில். சீக்கிரம் எழுத வேண்டுமாம், நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம்.

சுபோதினி பாரத்தை இழுத்துக்கொண்டாள். ‘எனது பிள்ளைக்கு இப்பாடத்தைக் கற்பித்தவர்’ என்று தொடங்கி, ஒரு நீண்ட கோடு, பிறகு ‘என்பதை அறிவேன், அவரது கற்பித்தலை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று முடிந்தது. பேனை கோட்டில் முட்டி நின்றது. முழுப் பெயர் எழுத வேண்டும். ஒரு மனுசியின் வேலையைப் பறிக்கப் பெயர் தேவைப்பட்டிருக்கவில்லை.

“பிள்ளை, அவவின்ர முழுப் பேர் என்ன?” என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

ஆரணிக்குத் தெரியும். சூசைதாசனுக்கும் தெரியும், சான்றிதழில் பார்த்திருந்தான்.

“பக்கத்திலதானே இருக்கிறா” என்றாள் ஆரணி. “நீங்களே கேளுங்கோ அம்மா.”

சுவர் மணிக்கூட்டில் நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. அதிகாரி மேசை லாச்சியைப் பூட்டத் தொடங்கினார். சுபோதினி கதிரையில் மெதுவாகத் திரும்பினாள். அந்தப் பெண்ணின் முகத்தை அவள் நேரே பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“மிஸ்… உங்கட முழுப் பேர்?”

“அழகுமுத்து நாகமணி” என்றாள் அவள். “முன்னால செல்வி போட வேணாம். விரிவுரையாளர்னு போடுங்க.”

சுபோதினி அப்படியே எழுதினாள்.